ஒரே திதி, இரண்டு நாள்

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தொலைவு சுமார் 13,900 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. வழியில் மாறிப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். குளிர்காலத்தில் அங்கே கடிகாரம் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். மூத்தவர் அம்பத்தூரிலும் இளையவர் கலிபோர்னியாவிலும் இருக்கும் குடும்பத்தில் இது சமயக் கேள்வியாகிறது: அப்பாவுக்குத் திதி கொடுப்பது எந்த நாளில்?

சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலக எடுக்கும் காலமே ஒரு திதி. அது தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில். ஆனால் சிராத்தத்துக்கு உரிய நேரம் அபராண்ணம், அதாவது பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காம் பங்கு. பகலோ ஊருக்கு ஊர் வேறு.

இந்திய நேரப்படி ஒரு திதி செவ்வாய் மாலை 5 மணிக்குத் தொடங்கி புதன் மாலை 4 மணிக்கு முடிகிறது என்று கொள்வோம். அம்பத்தூரில் புதன் பிற்பகல்தான் அதற்குரியது. கலிபோர்னியாவில் அதே திதி செவ்வாய் அதிகாலை மூன்றரை முதல் புதன் அதிகாலை இரண்டரை வரை. ஆகவே அங்கே செவ்வாய். இருவரும் அவரவர் ஊரில் பிற்பகல் 2 மணிக்குச் செய்தால், தேதியில் ஒரு நாள் முந்தும் இளையவர் உண்மையில் பத்தரை மணி நேரம்தான் முந்துகிறார். சென்னை தினசரி காலண்டரை அங்கே மாட்டிவைத்து நாள் பார்ப்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

இருவரில் யார் செய்வது சரி? வைசேஷிக தரிசனத்தின்படி காலம் ஒன்றே, எங்கும் பரந்தது. நாள், நாழிகை என்ற பிரிவுகள் சூரியனின் இயக்கத்தால் வருபவை. அந்த வழியில் பார்த்தால் இருவர் செய்வதும் சரியே. திதி வானத்துடையது, நாள் செய்பவர் நிற்கும் மண்ணுடையது.

வானத்தில் பறப்பவருக்கு மண்ணும் இல்லை. புதன் நள்ளிரவு கடந்ததும் சென்னையில் ஏறுபவர் புதன் காலை கலிபோர்னியாவில் இறங்கும்போது திதி முடிந்திருக்கும். பக்தி மரபு தொலைவைப் பொருட்படுத்துவதில்லை. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் தினமும் பூக்களோடு காஞ்சிக்கு நடந்தார் என்றும், முதுமையில் முடியாமல் போனபோது காஞ்சிப் பெருமாள் வரதராஜரே பூவிருந்தவல்லிக்கு வந்தார் என்றும் தலவரலாறு சொல்கிறது. பித்ரு காரியத்தில் அப்படி எதுவும் தேடி வராது. தவறிய சிராத்தத்தை அடுத்த தேய்பிறை ஏகாதசியிலோ அமாவாசையிலோ செய்யலாம் என்பது தர்மசாஸ்திர வழக்கு.

ரமலான் நோன்பிலும் இதே கேள்வி உண்டு. புறப்பட்ட ஊரின் கடிகாரத்தைப் பார்த்து விமானத்தில் நோன்பு திறப்பதில்லை. பயணி இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும் என்பதே பரவலான தீர்ப்பு. 11 கி.மீ. உயரத்தில் தொடுவானம் மூன்று பாகைக்கு மேல் தாழ்வதால், கீழே பாங்கு சொன்ன பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் ஜன்னலில் வெயில் தெரியும். மேற்கே பறந்தால் காத்திருப்பு மணிக்கணக்கில் நீளும். பயணத்தில் நோன்பை விட்டு, பிறகு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் அனுமதிக்கிறது.