விடை பெறுதல்

புதுவையைச் சார்ந்த வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்களில் ஒரு மனைக்குச் சென்று மீள்வார் எவரும் "போகிறேன்" என்று சொல்லார். "போய் வருகிறேன்" என்றே சொல்வர். வாயிலில் நிற்கும் தாயும் மகனைப் "போ" என்னாள். "போய் வா" என்பாள். 'போதல்' தனித்து நிற்பின் அது மீளாமையைக் குறித்துவிடுமென்று அன்புள்ளம் அஞ்சுகின்றது. இலங்கைச் சிங்களவரும் இப்பொருள்படவே "கிஹின் என்னம்" என்பர்.

1954 ஆம் ஆண்டுவரை புதுவையை ஆண்ட பிரெஞ்சுக்காரர்க்கோ இதற்குச் சொற்கள் இரண்டு உள. மீண்டும் காணும்வரை என்னும் பொருளது "ஓ ரெவுவார்". மீளக் காண்டல் அரிதாகும் பிரிவிற்குரியது "அதியே". பின்னதன் சொற்பொருள் 'கடவுளிடத்து' என்பதாம். 1962 இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பின்னர்ப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டு கடல் கடந்த நம்மவர் உளர். "போய் வருகிறேன்" என்று சொல்லிச் சென்று மீளாதாரும் அவருள் உளர்.

இனி, அச்சொல் வாயெழாத இடம் ஒன்றுண்டு. துக்கம் நேர்ந்த மனையினின்று நாம் ஒன்றும் சொல்லாமலே வெளியேறுகின்றோம். உயிர் நீத்தார்க்கு யாது சொல்லி விடை கொடுப்பது? "போய் வா" எனின், மலமாயை கன்மங்களாற் கட்டுண்டு மீட்டும் பிறவியில் உழல்கவென வாழ்த்தியதாகும். "போ" எனவோ அன்பு இசையாது.

இவ்விடர்க்கு மறுமொழி, இன்று புதுவை ஆட்சிக்குட்பட்ட காரைக்காலில் தோன்றிய அம்மையார் வரலாற்றில் உளது. அவர் இறைவனிடம் முதற்கண் வேண்டியது அழியா அன்பு. அதன் பின்னரே பிறப்பறுதலை வேண்டினார். பிறக்க நேரினும் அவனது நினைவு அகலாதிருக்க வேண்டினார் என்பது சேக்கிழார் பெருமான் திருவாக்கின் கருத்து. ஆதலின், வாராமையை விழைதல் அன்பின்மை அன்று; அன்பின் முதிர்ச்சியே என்க.

இறைவன் உயிரோடு என்றும் உடனாய் நிற்பவன். போதலும் வருதலும் உயிர்க்கேயன்றி அவனுக்கில்லை. பிரிந்தார் நம்பால் மீளாராயினும், அவரையும் நம்மையும் தாங்குவது ஒரே திருவருளன்றோ?

'விடை' என்னும் சொல் உத்தரவையும் உணர்த்தும், எருதையும் உணர்த்தும். முடிவான விடையைத் தர வல்லான் விடையேறும் பெருமான் ஒருவனே. ஆகவே, துக்க மனையினின்று வாய் பேசாது நீங்குங்கால், அம்மௌனத்தை வெறுமையாக விடாது திருவைந்தெழுத்தால் நிரப்புவோமாக. சென்றார்க்கு நாம் அளிக்கத்தக்க வழியனுப்பு அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.