ஒரே நாற்காலிக்கு இரண்டு வாடகை

சாதாரண நாளில் 7 ரூபாய் வாடகைக்குப் போகும் பிளாஸ்டிக் நாற்காலி, வளர்பிறை முகூர்த்தத்தன்று 12 ரூபாய்க்குப் போகிறது. ராத்திரி பதினொரு மணிக்குச் சாவு வீட்டுக்குக் கேட்டால் அதே நாற்காலி 15 ரூபாய். (தொகைகள் கணக்குக்காகச் சொல்பவை, கடைக்குக் கடை மாறும்.) முகூர்த்த நாள் ஏற்றத்தைப் பெண் வீட்டாரும் பையன் வீட்டாரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறார்கள். சாவு வீட்டில் யாரும் முணுமுணுப்பதுகூட இல்லை. காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துத் திண்ணையில் பேச்சு வரும்: “அந்த நேரத்துலயும் காசு பாத்துட்டானுங்க.” தேவை கூடினால் விலை கூடும் என்பது சந்தைக்குப் பழைய சங்கதி. இரண்டுமே அந்தச் சங்கதிதான் என்றால் ஒன்று ஏன் வியாபாரமாகவும் மற்றொன்று ஏன் பாவமாகவும் படுகிறது?

கோவையின் சிங்காநல்லூரில் இந்தக் கேள்விக்கு இடம் அதிகம். திருச்சி சாலையை விட்டு உள்ளே திரும்பினால், மில் வேலையை நம்பி வளர்ந்த தெருக்களில் இன்றும் வளைகாப்பு, காதுகுத்து, தெரட்டிச் சீர், புதுவீடு பால் காய்ச்சுவது எல்லாம் வாசலில் பந்தல் போட்டுத்தான் நடக்கின்றன. மண்டபத்துக்குப் போவது கல்யாணம் மட்டும்தான், அதுவும் எல்லாம் அல்ல. அதனால் வாடகைப் பாத்திரக் கடைகளுக்கு வேலை உண்டு. ஒரு குடோன், ஒரு குட்டியானை வண்டி, ஏற்றி இறக்க இரண்டு ஆள். அண்டா, போசி, வடச்சட்டி, ஜல்லிக்கரண்டி, சாம்பார் வாளி, ஜமுக்காளம், சேர், டேபிள், துணிப்பந்தல், சீரியல் லைட். ரேட்டு எங்கேயும் எழுதியிருக்காது. முதலாளியின் மனசில் இருக்கும், ஆளைப் பார்த்து வாய்க்கு வரும்.

முகூர்த்த நாள் கணக்கை முதலில் பார்க்கலாம், அதுதான் சுலபம். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலோர் வைப்பதில்லை. குடோன் வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் நிற்காமல் போகும். கடையில் 600 நாற்காலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வாரத்துக்கு 150 தாராளம். மீதி 450ஐ வாங்கிப் போட்டதே ஒரே நாளில் நான்கு விசேஷம் விழும் முகூர்த்தங்களுக்காக. மற்ற நாளெல்லாம் அவை அடுக்கி வைத்தபடி தூசி ஏறிக்கொண்டிருக்கும். அவற்றின் முதலை அந்தச் சில நாட்களில் எடுக்காமல் வேறு எந்த நாளில் எடுப்பது? எல்லா நாளும் ஒரே வாடகை என்று வைத்தால், செவ்வாய்க்கிழமை வளைகாப்பு வைக்கும் வீடு முகூர்த்தக்காரருடைய நாற்காலிக்குச் சேர்த்துக் காசு கொடுத்ததாகிவிடும். போதாததற்கு, முகூர்த்தம் குறித்தவர் தேதியைத் தானே பார்த்துக் குறித்தவர். மூன்று மாதம் கையில் இருக்கிறது. இருகூர் வரை போய் நான்கு கடையில் விசாரிக்கலாம். இந்த ஏற்றத்தில் குற்றம் காண்பவர்கள் கடை நடத்திப் பார்க்காதவர்கள்.

சாவு வீட்டின் கதை வேறு. தேதியை யாரும் குறிக்கவில்லை. விசாரிக்க நேரம் இல்லை. போன் செய்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரோ மாப்பிள்ளையோதான். அடுத்தவர் துக்கத்துக்கு நடுவில் பேரம் பேச அவருக்கு வாய் வராது. அந்தக் கூச்சத்துக்குத்தான் 15 ரூபாய். 13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இந்த இடத்தை வெகு துல்லியமாகப் பிரித்துவைத்தார். ஒரு பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்கு நஷ்டம் உண்டென்றால், அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்க்கலாம். வாங்குபவருக்கு அவசரம் என்பதற்காக மட்டும் ஏற்றக் கூடாது. ஏனென்றால் அந்த அவசரம் வாங்குபவருடையது, தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்க முடியாது. அடிப்படை இவ்வளவுதான்: கடைக்காரர் சுமப்பதற்கெல்லாம் விலை உண்டு, வாடிக்கையாளர் படும் பாட்டுக்கு விலை கிடையாது.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நேரத்துக்கு ஆளை எழுப்ப வேண்டும், இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும். “ஒரு நாளைக்குத்தாங்க” என்று போன நாற்காலி மூன்றாம் நாள் திரும்பும். சில வீட்டில் காசைக் கேட்கவே முடியாது. கேட்டால் ஊர் பேசும். இவை எல்லாமே அவர் சுமப்பவை. சுமப்பதை அதன் பெயரிலேயே எழுதலாம்: இரவுக் கூலி இவ்வளவு, நாள் வாடகை இவ்வளவு, மூன்று நாள் என்றால் மூன்று மடங்கு. நாற்காலிக்கு அதே 7 ரூபாய். மொத்தத் தொகை சில சமயம் 15 ரூபாய்க் கணக்கைவிட அதிகமாகக்கூட வரலாம், ஆனால் எது எதற்கு என்று துக்க வீட்டில் ஒருவர் படித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1984 முதல் அமலில் இருக்கும் ஓர் அரசு விதி இதே வேலையைச் செய்கிறது. ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதிய பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். எவ்வளவு வாங்கலாம் என்பதில் அந்த விதி தலையிடுவதில்லை. சொல்லாமல் வாங்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது.

விலையை எழுதிப் போடுவதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குள் காலையில் போகிற எவரும் அன்றைய விலைப்பலகையைத் தாண்டித்தான் தக்காளி வாங்குகிறார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் உயிரே அந்தப் பலகைதான். பலகை இருக்கும் இடத்தில் காரில் வந்தவருக்கும் நடந்து வந்தவருக்கும் ஒரே விலை. வாடகைக் கடைக்காரர்கள் பலகைக்கு ஏன் அஞ்சுகிறார்கள் என்றால், பக்கத்துக் கடைக்காரர் பார்த்து ஒரு ரூபாய் குறைத்துவிடுவார் என்கிறார்கள். அது உண்மையான பயம்தான். ஆனால் ரேட்டை வாயில் வைத்திருப்பதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. விசாரிக்க வந்தவர் எந்த வண்டியில் வந்தார் என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

முன்னால் சொன்ன விலையைவிடப் பின்னால் சொல்கிற விலைதான் அதிகம் உறுத்துகிறது. விசேஷம் முடிந்த மறுநாள் காலை, குடோன் வாசலில் பாத்திரம் இறங்கும் நேரம். ஒவ்வொரு போசியின் விளிம்பிலும் கடையின் முதலெழுத்து வெட்டியிருக்கும். எண்ணுகிறவர் நோட்டைப் பார்த்துக் கரண்டி கரண்டியாகத் தட்டி வைப்பார். ஒரு ஜல்லிக்கரண்டி குறைகிறது. வடச்சட்டியில் அடிப்பிடித்துக் கருகியது காய்ந்து கிடக்கிறது. சாம்பார் வாளியின் கைப்பிடி ஒரு பக்கம் கழன்றுவிட்டது. இப்போதுதான் வார்த்தைகள் வெளியே வரும்: கழுவுகூலி, சேதாரம், மிஸ்ஸிங் சார்ஜ். அட்வான்ஸ் கடைக்காரர் கையில் இருக்கிறது, ஆகவே பேச்சுக்கு வேலை இல்லை.

இந்த இடத்தில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆச்சரியமாகப் பொறுமையோடு பேசுகிறது. வாடகைக்கு எடுத்த பொருளைத் தன் சொந்தப் பொருளை ஒரு நிதானமான ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் தனியாகப் பேசி வைத்திருந்தால் ஒழிய, கெட்டுப்போனதற்கு வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பில்லை. 151, 152ஆம் பிரிவுகள் இவை. அதற்கு முந்தைய 150ஆம் பிரிவு கடைக்காரர் பக்கம் திரும்புகிறது: வாடகைக்கு விட்ட பொருளில் இருந்த குறையால் எடுத்தவருக்குச் சேதம் வந்தால், அந்தக் குறை தமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் கொடுத்தவரே பொறுப்பு. கால் வெடித்த நாற்காலி, அதை வாடகைக்கு எடுத்த பாட்டியோடு சாய்ந்தால், சேதாரக் கணக்கு எதிர்ப்பக்கம் எழுத வேண்டியதாகும். அந்தக் கணக்கை எழுதும் ரசீதுப் புத்தகம் எதுவும் அச்சாகி வந்ததாகத் தெரியவில்லை.

கரண்டி காணாமல் போனால் புதுக் கரண்டியின் விலையா, எட்டு வருஷம் உழைத்த கரண்டியின் விலையா? கடைக்காரர், “நான் போய் புதுசுதானுங்க வாங்கணும்” என்பார். அது சரி. ஆனால் தன் முதலைப் பல முறை திருப்பிக் கொடுத்துவிட்ட கரண்டிக்கு முழு விலை வாங்கினால், தேய்ந்துபோனதற்கும் சேர்த்து வாங்கியதாகிறது. தேய்மானமோ அத்தனை நாள் வாடகையிலேயே வந்துவிட்டது. எந்தப் பாத்திரம் தொலைந்தால் எவ்வளவு என்று எடுத்துப் போகும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தகராறில் முக்கால்வாசி இருக்காது. தொகை கொஞ்சம் கூட என்றாலும், வேண்டாம் என்று சொல்லிப் போக வாடகைக்கு எடுப்பவருக்கு வழி இருக்கும்.

அட்வான்ஸுக்கு வந்த பெரிய சோதனை 2020. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அந்த வருஷத்துச் சித்திரைக் கல்யாணங்கள் தள்ளிப்போயின, பிறகு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு வீட்டு வாசலில் நடந்தன. இதே சிங்காநல்லூரின் இஎஸ்ஐ மருத்துவமனை கொரோனா நோயாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த காலம். ‘அட்வான்ஸ் திரும்பத் தரப்படமாட்டாது’ என்று ரசீதில் சிவப்பில் அச்சடித்திருக்கும் வரி அப்போது எதைக் குறித்தது? இரு தரப்பிலும் யாரும் வாக்குத் தவறவில்லை. நடத்த முடியாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே 1872 சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது. கடைக்காரரோ அந்த அட்வான்ஸில் ஏற்கெனவே சேர் வாங்கியிருந்தார், மாதத் தவணை நிற்கவில்லை. சிலர் பாதியைத் திருப்பினார்கள், சிலர் அடுத்த தேதிக்கு வைத்துக்கொண்டார்கள். தேதியைத் தள்ளிய வீட்டுக்கு அடுத்த தேதிக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. கல்யாணமே நின்றுபோன வீட்டுக்கு அது ஏற்பாடே அல்ல. வண்டி கிளம்பவில்லை, பந்தக்கால் ஊன்றவில்லை. செலவழியாத பணத்தை வைத்துக்கொள்ள அச்சடித்த ஒரு வரி போதாது.

இதுவரை சொன்னதெல்லாம் அதிக விலையைப் பற்றி. குறைந்த விலையிலும் அநியாயம் உண்டு, அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. போட்டிக்கு நாற்காலியை 5 ரூபாய்க்கு இறக்கும் கடை அந்த 2 ரூபாயை எங்கிருந்து எடுக்கிறது? டீசல் விலை இறங்கவில்லை, குடோன்காரர் குறைக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்குப் பந்தல் பிரித்து, நான்கு மணிக்கு அடுத்த வீட்டில் இறக்கும் இரண்டு பேருடைய கூலியில்தான் அது கழிகிறது. பரண் ஏறும்போது கீழே விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதும் அந்த 5 ரூபாய்க்குள் இல்லை. மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படும் வீட்டுக்காரருக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்வது கஷ்டம். இன்னொரு மலிவும் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, அதனால் வாடகையில் வரி சேராது. பதிவில்லாத கடை அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் அது வரி இல்லை, வேறு பெயர் உள்ள சமாச்சாரம்.

கடைசியாக, கொங்குப் பக்கத்தில் எவரும் தப்ப முடியாத வகை: சொந்தக்காரர். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகை வாங்க முடியாது, மாமன் வீட்டுச் சீருக்குப் பாதிதான் கேட்கலாம். உறவுக்குச் செய்வதில் தப்பேதும் இல்லை, அது கடைக்காரரின் சொந்தக் கையிலிருந்து போகும்வரை. ஆனால் இலவசமாகப் போன நாற்காலியின் வாடகை பெரும்பாலும் அடுத்து வரும் அந்நியரின் ரேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிழைக்க வந்து நேற்றுதான் நீலிக்கோணாம்பாளையத்தில் குடியேறிய குடும்பத்துக்கு இங்கே பங்காளி இல்லை, சிபாரிசு சொல்ல ஆள் இல்லை. யாருடைய மாமனென்றே தெரியாத ஒருவரின் பந்தலுக்கு அவர்கள் காசு கொடுக்கிறார்கள். இதைச் சரிசெய்ய ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. பங்காளிக்கும் முழு ரேட்டில் பில் போட்டு வாங்கிக்கொண்டு, விட்டுக்கொடுக்க நினைத்த தொகையைத் தன் பையிலிருந்து எடுத்து மொய்யாக எழுதிவிடலாம். கடைக் கணக்கு சுத்தமாக நிற்கும், உறவும் நிற்கும். தன் வீட்டு விசேஷத்துக்கு அந்த மொய் திரும்பியும் வரும், அனேகமாக ஐந்நூறு ரூபாய் கூடவே.