பழி ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம்

ஒன்றாரியோவின் பிக்கரிங் கோ ரயில் நிலையத்தைச் சுற்றி மாடிக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகையில் பல வருடம் இருந்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசை முற்பணமாகக் கட்டி, அங்கே ஒரு கொண்டோ வாங்கிய குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். பத்தாம் வருடம் ஒரு நாள் கதவடியில் கடிதம் கிடக்கிறது. குழாய்கள் தளத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் தீயடைப்பு இல்லை. சுவர்களைத் திறந்து சரிசெய்ய வேண்டும். உங்கள் பங்கு 15,000 டொலர். அந்தக் குழாயை அவர்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. அந்தப் பணம் அவர்கள் கட்ட வேண்டியதுதானா?

பிழை எவ்வளவு சிறியது என்று பார்க்க வேண்டும். கொங்கிறீற்றைத் துளைத்துக் குழாய் இறக்கும்போது சுற்றிவர ஒரு விரல் அகல இடைவெளி விழும். சூடேறினால் உப்புகிற பட்டி ஒன்றை அதில் சுற்றிவிட்டால், பிளாஸ்டிக் குழாய் உருகினாலும் துவாரம் அடைபட்டுவிடும். வேலை சில நிமிடம்தான். அதைச் செய்யாமல் பலகையடித்துப் பெயின்ட் பூசிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் மாடிப் புகை பதின்மூன்றாம் மாடிக் குளியலறைக்குள் வரும்போதுதான் தெரியும். அன்று மிச்சம் பிடித்த சில நிமிடத்தின் விலை, பிறகு பல மடங்காகி வேறொருவர் தலையில் விழுகிறது.

ஒன்றாரியோவின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டம் இதில் நெளிவுசுளிவு வைக்கவில்லை. பொதுப் பகுதிகளின் செலவு உரிமையாளர் எல்லாருக்கும் உரியது. சேமநிதி போதாவிட்டால் நிர்வாக சபை விசேட கட்டணம் விதிக்கலாம். யார் எவ்வளவு என்பது பிரகடனப் பத்திரத்தில் எழுதிய விகிதப்படி. ஓய்வூதியத்தில் இருப்பவரா, ஐந்து வீடு வைத்திருப்பவரா என்று அது கேட்பதில்லை. கட்டத் தவறினால் வீட்டின்மேல் லீன் (கடன் பற்றுரிமை) விழும். அது வங்கியின் அடமானத்துக்கும் முன்னால் போய் நிற்கும்.

இது கொடுமையாகத் தெரியும். ஆனாலும் இதற்குள் ஒரு நியாயம் உண்டு. புகை நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திராது. யார் குற்றவாளி என்று முடிவாகும்வரை துவாரம் திறந்தே இருக்கட்டும் என்றால், நித்திரையில் இருக்கும் பிள்ளைகளைப் பணயம் வைத்து வாதாடுவதாகும். ஒரு வீட்டார் மறுத்தால் மேல்மாடி முழுவதற்கும் ஆபத்து. ஆகவே உடனே திருத்த வேண்டும், அதற்கான காசை உள்ளே இருப்பவர்களே முதலில் போட வேண்டும். இதுவரை சட்டத்தோடு சண்டையில்லை.

சண்டை அடுத்த படியில்தான். முதலில் போட்டவரே கடைசிவரை சுமப்பவராகவும் ஆகிவிடுகிறார். ஒன்றாரியோவில் புதுவீடுகளுக்கான டாரியன் உத்தரவாதத்தில், தீப்பாதுகாப்பைத் தொடும் கட்டட விதி மீறல்களுக்கு உள்ள காலம் 2 வருடம்; பெரிய கட்டமைப்புக் குறைகளுக்குத்தான் 7 வருடம். வழக்குக்கும் எல்லை உண்டு: குறை தெரியவந்து 2 வருடம், எப்போது தெரிந்தாலும் 15 வருடத்துக்குமேல் இல்லை. சுவருக்குள் மறைந்த துவாரத்துக்கோ வயதெல்லை இல்லை. ‘பார்த்து வாங்கியிருக்கலாமே’ என்பார்கள். வாங்குபவர் கேட்டுப் பெறும் நிலைச் சான்றிதழ் சேமநிதியின் கணக்கைச் சொல்லும். சுவரின் உட்புறத்தைச் சொல்லாது. பார்க்க முடியாததைப் பார்க்கவில்லை என்பது குற்றமாகாது.

இதே கேள்வியை இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துக் கேட்டது. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் மாண்டார்கள். பிறகு நாடெங்கும் எரியக்கூடிய வெளியுறைத் தகடுகள் பொருத்திய கட்டடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தீக் கண்காணிப்புக் காவலுக்கும் திருத்த வேலைக்குமான பில்கள் குடியிருந்தவர்களுக்கே வந்தன. வீட்டை விற்கவும் முடியவில்லை. ஐந்து வருடத்துக்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், 11 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களில் தகுதியுள்ள குத்தகை உரிமையாளர் தகடு மாற்றக் காசு கட்டத் தேவையில்லை என்றது. மற்றக் குறைகளுக்குப் பெரும்பாலானோரின் பங்குக்கு உச்சவரம்பு வைத்தது. பழைய கட்டடங்களில் வழக்குப்போடும் காலத்தை 30 வருடமாக்கியது. பழி இருக்கும் பக்கத்துக்குப் பணத்தைத் திருப்பிவிடச் சட்டத்தால் முடியும் என்பதற்கு இது போதும்.

ஆனால் குடியிருப்பவர் எல்லாரும் கைசுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றாதே என்று கை உயர்த்தியவர்கள் உண்டு. அலாரமும் தண்ணீர்ப் பம்பும் தேய்வது அவர்களுக்கும் தெரியும். குறைந்த கட்டணத்தைக் காட்டியே நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போவார்கள். சீட்டை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சக் காசு கட்டாமல் மறைகிறவருக்கு நம் ஊரில் என்ன பெயரோ, அதே பெயர் இவர்களுக்கும் பொருந்தும். கடைசிச் சீட்டுக்குக் காத்திருப்பவர்தான் ஏமாறுகிறார். மறைந்த துவாரம் கட்டியவர் கணக்கு. தெரிந்தே தேயவிட்ட பம்ப் உரிமையாளர் கணக்கு. இரண்டையும் ஒரே பில்லில் போடுவதுதான் அநியாயம்.

கூட்டத்தில் கை உயர்த்தவே உரிமையில்லாத ஒருவரும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார்: வாடகைக்கு இருப்பவர். 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடிபுகுந்த வீடுகளுக்கு ஒன்றாரியோவின் வாடகை உயர்வு வரம்பு கிடையாது. விசேட கட்டணத்தை உரிமையாளர் அடுத்த வருட வாடகையில் ஏற்றிவிடலாம். லாபத்தில் பங்கில்லாதவருக்கு நட்டத்தில் மட்டும் பங்கு.

ஆகவே கடிதம் கண்ட குடும்பத்துக்குச் சொல்லக்கூடியது இதுதான்: கட்டுங்கள், தாமதிக்காமல் கட்டுங்கள். ஆனால் அது அபராதமல்ல, கைமாற்று. கைமாற்றை மீட்கும் வழி உயிரோடு இருக்க வேண்டும். உத்தரவாதத்தின் 2 வருடம், சுவர் மறைத்து வைத்திருக்கும் காலத்தோடு ஒத்துப்போக நீள வேண்டும். பத்து நாளில் 15,000 டொலர் என்று கேட்பதற்குப் பதிலாகக் கொண்டோ நிர்வாகம் தன் பெயரில் கடன் எடுத்துப் பல வருடத்துக்குப் பரப்பினால், நாளை அந்தப் பாதுகாப்பை அனுபவிக்க வருபவரும் தன் பங்கைச் சுமப்பார்.

அடுத்த முறை திறந்த சுவரை மூடுமுன் ஒருவர் ஒவ்வொரு துவாரத்தையும் படம் எடுத்துக் கோப்பில் வைக்கலாம். பிறகு வருபவர் சுவரை உடைக்காமலே பார்ப்பதற்கு.