வரிசை மாறினால் மீனும் மாறும்

பரங்கிப்பேட்டை அன்னங்கோயில் கரையில் படகு வந்ததும் ரகம் பிரிப்பார்கள். வஞ்சிரம் தனி, சங்கரா தனி, நெத்திலி தனி. அதன் பிறகுதான் ஏலம். அதே ஊரில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடல் உயிரியல் படிப்பவர்களுக்கு அந்த மீனின் நீளமும் எடையும் வேண்டும். அளந்து எழுதிய பட்டியல் இன்று கணினிக்குள் போகிறது.

அங்கே கைகொடுப்பவை நிரல்மொழியின் பட்டியல் கருவிகள். வேண்டியதை மட்டும் எடுக்க ஃபில்டர், ஒவ்வொன்றையும் மாற்றி எழுத மேப், எல்லாவற்றையும் ஒரு தொகையாகச் சேர்க்க ரெட்யூஸ். 1970களில் பிறந்த ஸ்மால்டாக்கிலேயே இவை வேறு பெயர்களில் இருந்தன. ஜாவாவுக்கு 2014இல்தான் வந்து சேர்ந்தன. அதே வேலையைச் சுழற்சியாக (லூப்) எழுதினால் ஆறு வரியைப் படித்த பிறகே அதன் நோக்கம் புரியும். ஃபில்டர் என்றால் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த நிரலைத் திறப்பவருக்கு இது பெரிய உபகாரம்.

ஆனால் வரிசைப்படுத்தும் சார்ட் என்ற கருவியிடம் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஃபில்டரும் மேப்பும் புதிய பட்டியலைத் தரும், பழையதைத் தொடாது. சார்ட்டோ மூலப் பட்டியலையே கலைத்து அடுக்கிவிடும். நீளம் ஒரு பட்டியலிலும் எடை இன்னொன்றிலும் இருக்க, நீளத்தை மட்டும் அடுக்கினால் ஒரு மீனின் நீளத்துக்கு எதிரே வேறொரு மீனின் எடை வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடம்கூட அழகாகவே வரும். அதுதான் எனக்குப் பயம். போதாக்குறைக்கு, ஒப்பிடும் முறையைச் சொல்லாவிட்டால் சார்ட் எண்களையும் எழுத்துகளாகவே பார்க்கும்: 9, 10, 100 என்பதை 10, 100, 9 என்று அடுக்கும்.

அதனால் ஒரு மீனின் நீளம், எடை, ரகம் மூன்றையும் ஒரே பதிவாகக் கட்டி வையுங்கள். பைத்தானில் சார்ட்டட் என்ற கருவி அடுக்கிய புதிய பட்டியலைத் தரும். ஜாவாஸ்கிரிப்டிலும் 2023 முதல் டூசார்ட்டட் உண்டு. பழைய உலாவிகளில் அது இருக்காது. அங்கே ஸ்லைஸால் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை அடுக்கிக்கொள்ளலாம்.