அளந்துவிட்டுப் போய்விடாதீர்கள்

பல் மருத்துவத்தில் ஆய்வு பயில வந்திருக்கும் இளையவர்களுக்கும் அவர்களின் வழிகாட்டிகளுக்கும் ஒரு கடனை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

1970-இல் நார்வே நாட்டு ஹரால்ட் லோவின் குழு, இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கியது. மலையகத் தமிழர்கள். பல் துலக்கும் பழக்கமில்லை. நோய்த்தடுப்புத் திட்டம் எதுவும் அவர்களை எட்டியதில்லை. ஈறு நோய் தன் போக்கில் எப்படி வளர்கிறது என்று பார்க்க அந்த இல்லாமையே வாய்ப்பானது. 1985 வரை அளந்தார்கள். 8 விழுக்காட்டினருக்கு நோய் விறுவிறுவென முற்றி, 45 வயதுக்குள் பல்லெல்லாம் போயிற்று. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. எல்லார் பல்லிலும் ஒரே மாதிரி காரை படிந்திருந்தும் முடிவு வேறு வேறு. ஈறு நோய் ஆளுக்கு ஆள் மாறும் என்று உலகம் தெளிந்ததில் அந்தத் தொழிலாளர்களின் பங்கு பெரிது. 1986-இல் வெளியான அந்த ஆய்வின் கட்டுரை இன்றும் பாடம். பாடம் நடத்தும் ஆசிரியர்களே, அந்த மனிதர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவும் மாணவர்களைப் பழக்குங்கள்.

இப்போது ஈறு நோய் வாயோடு நிற்கும் விஷயமும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறுக்குச் சிகிச்சை தந்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஓரளவு இறங்குவதையும் ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே மாணவரைப் பல் நாற்காலி அருகிலேயே நிறுத்திவைக்காதீர்கள். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு அனுப்புங்கள். புள்ளியியலைக் கடைசி மாதத்தில் காசு கொடுத்து முடிக்கும் வேலையாக விடாமல் முதலாண்டிலேயே கற்பியுங்கள். ஆய்வேட்டுக்கு ஆள் குறைந்தால் குறைந்ததாகவே எழுதட்டும். இட்டுக்கட்டிய ஓர் எண், யாரோ ஒரு நோயாளிக்குத் தவறான மருத்துவமாகப் போய்ச் சேரும்.

மில்லிமீட்டர் கோடு பொறித்த கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கும்போது ரத்தம் கசிகிறது. வாயைத் திறந்தபடி இருப்பவரால் வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. ‘ஆறு’ என்கிறீர்கள்; பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்கிறார். அந்த ஆறுக்கு என்ன அர்த்தம் என்று, அவர் நாற்காலியை விட்டு இறங்குமுன் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். சர்க்கரை பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இந்த வாரமே உங்கள் ஆய்வுத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். நோய் கண்டவருக்குச் சிகிச்சை யார் தருவார், எந்த நாளில், யார் செலவில் என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் எழுதி முடிக்கும்வரை ஒருவர் வாயையும் திறக்கச் சொல்லாதீர்கள்.