தூரத்துக்குக் கிடைத்த சலுகை

2022 ரமலானில், மகளின் பிரசவத்துக்காகத் துபாய் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ போனேன். விமானத்தில் இருக்கும் நாளில் நோன்பு வைக்கப்போவதில்லை என்றதும் தங்கை கேட்டாள்: "ஏசியில சாஞ்சு உக்காந்துதானே போறீங்க ராத்தா, அதுல என்ன கஷ்டம்?" நியாயமான கேள்விதான். காயல்பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்கு நோன்பை விடுவது லேசான காரியமில்லை.

பயணத்தில் இருப்பவர் நோன்பை வேறு நாளில் நோற்கலாம் என்று குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் அனுமதிக்கிறது. எவ்வளவு தூரம் போனால் பயணம்? நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) இரண்டு மர்ஹலா, அதாவது சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் கடக்கும் வழி. இன்றைய கணக்கில் 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். துபாய்க்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 13,000 கிலோமீட்டர், ஏறத்தாழ 16 மணி நேரம். ஒட்டகத்தின் அந்த இரண்டு நாள் வழியை விமானம் ஆறே நிமிடத்தில் கடந்துவிடும்.

ஆறு நிமிடம் ஒரு பயணமாகுமா? 13ஆம் நூற்றாண்டிலேயே இமாம் நவவி தம் 'மின்ஹாஜ்' நூலில் இதற்கு விடை வைத்திருக்கிறார்: கடல்வழியும் தரைவழி போலத்தான், அந்தத் தூரத்தைக் கப்பலில் சிறு பொழுதில் கடந்தாலும் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம். நோன்புக்கும் அதே தூரம்தான்.

கஷ்டத்தை விட்டுத் தூரத்தை எல்லையாக வைத்ததில் பெரிய கருணை இருப்பதாக நினைக்கிறேன். கஷ்டத்தை எல்லையாக வைத்திருந்தால், ஒவ்வொருவரும் தன் உடம்பின் வேதனையை ஊருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கும். தூரம் கிழவிக்கும் வாலிபனுக்கும் ஒன்றே. யாரும் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

தங்கையிடம் வேறொரு கணக்கைச் சொல்லியிருக்கலாம். துபாயில் அதிகாலை நாலரை வாக்கில் சஹர், அதாவது நோன்புக்கு முன் உண்ணும் நேரம், முடிகிறது. காலையில் கிளம்பும் விமானம் வடதுருவத்தை ஒட்டிப் பறக்கிறது. ஏப்ரலில் அங்கே சூரியன் மறைவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போதும் அதே தேதி, பிற்பகல். சூரியன் மறைந்து மக்ரிப் வர இரவு ஏழே முக்கால் ஆகும். கூட்டினால் ஒரே பகல் 26 மணி நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்க முடியாது. நாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும். புர்ஜ் கலீஃபாவின் 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆவது மாடிக்கு மேல் மூன்று நிமிடமும் தாமதித்துத் திறக்க வேண்டும் என்று 2011இல் துபாய் மார்க்க அறிஞர்கள் சொன்னதும் இதனால்தான்.

இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. சொன்னால், கஷ்டத்தைக் காட்டித்தான் சலுகை வாங்க வேண்டும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சிரமமில்லாத பயணி நோன்பு வைப்பதே சிறந்தது என்றும் எங்கள் மத்ஹப் சொல்கிறது, வைத்தவர்களை மதிக்கிறேன். ஆனால் சிரமம் உண்டா இல்லையா என்று எடைபோடுவது பயணியின் மனசாட்சி. பக்கத்து இருக்கைக்காரரோ உறவுக்காரரோ அல்ல. விட்ட நோன்பைப் பிறகு வேறு நாளில் நோற்று, களா செய்தேன். இறைவன் எளிதாக்கியதை எளிதாகவே ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதல்தான். அவன் கேட்காத வேதனையை அடுத்தவரிடம் கேட்க நமக்கு உரிமையில்லை.