பாடினால் மட்டும் போதுமா?

நான் இளங்குருவாயிருந்த காலத்தில், தவக்கால இரவொன்றில் பங்குக் கோயிலில் வியாகுலப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. முதியவர் ஒருவர் பழுப்பேறிய கையெழுத்துப் பிரதியைக் கையிலேந்தி, இராகத்தோடு இழுத்து இழுத்து வாசித்தார். நேரமோ கடந்துகொண்டிருந்தது. முடிந்ததும் அவரிடம், "ஐயா, அடுத்த ஆண்டு சற்றுச் சுருக்கிக்கொள்வோமே" என்றேன். "சரி சாமி" என்றார். மறு ஆண்டு அவரும் வரவில்லை. அந்தப் பிரதியும் வரவில்லை.

அந்நூலின் வரலாற்றை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதை இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1676-இல் கோவாவில் பிறந்தவர். 1705-இல் இலங்கை சென்றார். அங்கே ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. அந்நிலையில் அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றி, 1742-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். குருவைக் காண்பதே அரிதாயிருந்த மக்களுக்கு அந்நூல்களே மறையுரையாயின. நான் சுருக்கச் சொன்னது ஒடுக்கப்பட்ட ஒரு திருச்சபையின் நெடிய பெருமூச்சை!

பாட்டின் வரலாறு பாட்டின் பகுதிதானா? அதை அறியாமலும் பாடலாமே எனச் சிலர் கேட்கக்கூடும்.

அமெரிக்க ஜாஸ் இசையில் 'விசித்திரக் கனி' என்று பொருள்படும் பாடலொன்று உண்டு. வெறியர்களால் கொல்லப்பட்டு மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மக்களே அந்தக் கனி. ஏபல் மீரோபோல் என்னும் பள்ளி ஆசிரியர் எழுதிய அதை, 1939-இல் நியூயார்க் நகரில் பில்லி ஹாலிடே பாடினார். அவர் பாடும்போது விளக்குகள் அணைக்கப்படும். உணவு பரிமாறுதல் நிறுத்தப்படும். அவர் முகத்தில் மட்டும் ஒளி விழும். இவ்வரலாறு தெரியாதவனுக்கு அது ஒரு சோகமெட்டு. தெரிந்தவனுக்கோ மனச்சான்றின் குரல். மரத்தில் தொங்கிய மாசற்றவரை வணங்கும் நமக்கு அக்குரல் அந்நியமாகுமா?

இசையின் இனிமையில் மயங்கிப் பொருளை மறந்துவிடுவதைப் பற்றிப் புனித அகுஸ்தினார் தம் அறிக்கைகளின் பத்தாம் நூலில் மனம் வருந்துகிறார். ஆயினும் கோயிலில் பாடும் வழக்கத்தை அவர் தள்ளிவிடவில்லை. வரலாறில்லாப் பாட்டு வெறும் ஓசையாகும். பாடப்படாத வரலாறோ பூட்டிய பெட்டியில் கிடக்கும் ஏடாகும். இரண்டும் சேர்ந்ததையே திருச்சபை நினைவுகூர்தல் என்கிறது. "இதை என் நினைவாகச் செய்யுங்கள்" என்ற ஆண்டவர், நினைப்பையும் செயலையும் பிரிக்கவில்லை.

அதற்காக இராகத்தையும் கருவியையும் மாற்றலாகாது என்பதில்லை. ஜாஸ் கலைஞர்கள் பழம்பாடலை ஒவ்வொரு முறையும் புதிதாக இசைக்கிறார்கள். அதனாலேயே அது வாழ்கிறது. மாற்றுகிறவர் எதை மாற்றுகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே. நான் அறியாமலே வெட்டினேன்.

பின்னாளில் அந்தப் பிரதியைத் தேடினேன், கிடைக்கவில்லை. அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெட்டியில் அத்தகைய ஏடொன்று இருந்தால், இத்தவக்காலத்தில் அதை ஓர் இளைஞனின் கையில் கொடுங்கள். யார் எழுதியது, எந்தத் துன்பத்தில் எழுதியது என்று சொல்லிக் கொடுங்கள். பிறகு அவனை வாசிக்கச் சொல்லுங்கள். நேரமானாலும் பொறுத்திருங்கள்.